குனிகுண்டா ஹுமரை யாரும் பவேரியர் ஆக்க வேண்டாம்

மேடையிலிருக்கும் பாதிரியார் அவர்களே, மேயர் அவர்களே, எங்கள் நாடகக் குழுத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தொலைக்காட்சி நிலையத்தாரே! எல்லோருக்கும் வணக்கம். நான் திட்டப் போகிறவர்களுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட வேண்டுமல்லவா?

அதோ, நிலையத்தார் கொண்டுவந்த அந்த மலர்வளையத்தைப் பாருங்கள். பவேரியக் கொடியின் நீல வெள்ளை நாடா. ‘பவேரிய நாடகத்தின் தாய்’ என்று பொன்னெழுத்து. யார் தாய்? எங்கள் குனிகுண்டா ஹுமரா? நாற்பது ஆண்டு இதே விடுதிக் கூடத்தில் நம் பிராங்கோனியப் பேச்சிலேயே நாடகம் போட்ட தலைவியா? அவர் உயிரோடு இருந்தபோது இப்படி ஒரு நாடா கட்ட உங்களுக்குத் துணிவு இருந்ததா? வாய் மூடிய பிறகு பெயரை மாற்றுகிறீர்களே, அடுக்குமா இது!

இருநூறு ஆண்டுக்கு முன் நம் பிராங்கோனியாவைக் கேட்காமலே பவேரியாவோடு சேர்த்தார்கள். சேர்த்தது நிலத்தை. நாக்கையுமா சேர்த்தார்கள்?

இதே நிலையத்தார் முன்பும் ஒருமுறை வந்தார்கள். “அம்மா, பவேரியாக்காரங்க மாதிரி தோல் டவுசர் போட்டு, கொஞ்சம் அவங்க பேச்சுல பேசிட்டா நாடே பாக்கும்” என்றார்கள். ஒத்திகையை நிறுத்தாமலே அவர் சொன்னார்: “தம்பி, அந்த டவுசர நீங்களே போட்டுக்கிட்டு ஆடுங்க. நாங்க உக்காந்து பாக்குறோம்.” கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. நாங்கள் வாளி வைத்துக்கொண்டே சிரித்தோம்.

இப்போது அதே பேச்சு ஒப்பந்தமாகத் திரும்ப வந்திருக்கிறது. அவர் பெயரிலேயே தொலைக்காட்சியில் பவேரிய நாடக வரிசையாம். கூரையும் போட்டுத் தருவார்களாம். கல்லறையில் மண் போட்ட கையை இன்னும் கழுவவில்லை, நம் செயலாளர் பாப்டிஸ்ட் என் காதில் ஓதுகிறார்: “கையெழுத்துப் போட்டுருவோம்யா. அந்தம்மா வந்து கேக்கவா போறாங்க?”

அவர் கேட்கமாட்டார். நான் கேட்கிறேன்! மழை ஒழுகினால் பிடிக்க வாளி இருக்கிறது பாப்டிஸ்ட். பெயர் போனால் எதை வைத்துப் பிடிப்பாய்?

பாராட்டவே தெரியாத மனுஷி அவர். நம்மூரில் யாருக்குத்தான் தெரியும்? இத்தனை ஆண்டில் ஒரே ஒருமுறை, திரை விழுந்ததும், என்னைப் பார்த்து “ம்... பரவாயில்ல” என்றார். அன்று நான் வீட்டுக்குச் சைக்கிளில் போகவில்லை, பறந்தேன்.

பாதிரியார் மன்னிக்க வேண்டும், நாடாவை அவிழ்க்கிறேன். இந்தாருங்கள் ஐயா, உங்கள் பொருள். பூ இருக்கட்டும், அது என்ன பாவம் செய்தது?

தோழர்களே, சனிக்கிழமை நாடகம் உண்டு. அவர் எழுதிய பேச்சிலேயே, ஒரு சொல்லும் மாறாமல்! ஒப்பந்தம் வேண்டாம் என்பவர்கள் எழுந்து நில்லுங்கள். அடேயப்பா, பாப்டிஸ்ட், நீயுமா!

குனிகுண்டா அக்கா, உங்கள் குழு மொத்தமும் எழுந்து நிற்கிறது. நீங்கள் செய்து முடித்ததற்கு ஒரு பிராங்கோனியன் சொல்லக்கூடியதைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

பரவாயில்லக்கா.