வில்லில் துளை வேண்டாம்

அடுத்தவர் பேச்சாயிற்றே என்று பல வருஷம் தயங்கி இதை எழுதுகிறேன். நெய்வேலியிலிருந்து குறிஞ்சிப்பாடி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவன் மனைவி. கணவர் கையில் வில்வித்தை பழகும் நீளமான மரவில்.

“அம்பு வைக்கிற கூட்ட இடுப்புல கட்டுனா ஆபரேஷன் பண்ண எடத்துல இடிக்குது. வில்லுலயே மாட்டிக்கலாம். ஸ்க்ரூ போட்டு முடுக்குறதுதான் ஆடாது.”

“ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்ச வில்லுங்க. துளை போடாம வாரு வச்சிக் கட்டுறத வாங்குங்க.”

“மைன்ஸ்ல வுழுந்தப்ப என் இடுப்புலயே மூணு ஸ்க்ரூ போட்டாங்க. மரத்துக்கு வலிக்குமாடி?”

“அந்த ஆபரேஷனுக்குக் கையெழுத்து போட்டவ நானு. அழுதுகினே போட்டேன். இன்னொரு தடவ என்னக் கேக்காதீங்க.”

வடலூரில் பஸ் நின்றபோது அவர் வில்லைத் தடவிப் பார்த்தார். பிறகு, “வாரே வாங்கிக்கலாம்” என்றார்.

முருகன் அவர்களுக்குத் துணையிருக்கட்டும். இதை யாரிடமாவது சொன்னால், அந்த அம்மா பேசியதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்லுங்கள்.