கடலுக்குக் கொத்திவிட்ட கற்கள்

அவையை அழகுற நடத்தும் தலைவர் அப்பாதுரை அவர்களே! மர்பி டவுனிலிருந்து மழையையும் மதியாமல் வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்த தாய்மார்களே! ஷிப்ட் முடித்த களைப்போடு நிற்கும் தோழர்களே! பொம்மசந்திரா கான்கிரீட் யார்டு மேஸ்திரி தனக்கோடியின் தலைதாழ்ந்த வணக்கம்!

பெங்களூரில் கடல் உண்டா? இல்லை. அலை உண்டா? இல்லை. ஆனால் கடல் மீனுக்கு வீடு கட்டித்தரும் கை உண்டு! என்ன தம்பி, அந்த வீட்டை நம்ம அல்சூர் ஏரியில் போட்டால் மீன் வருமா என்கிறீர்களா? முதலில் குப்பை போடுவதை நிறுத்துவோம், அப்புறம் பார்க்கலாம்.

தூத்துக்குடிப் பக்கம் ரெமிஜியஸ் என்றொரு மீனவர். இழுவை வலைகள் அவர் கடலின் அடித்தரையை வழித்தெடுத்துவிட்டன. பவளம் போயிற்று, பாசி போயிற்று, ஒதுங்க இடமின்றி மீனும் போயிற்று. படகைக் கரையேற்றிவிட்டு எங்கள் யார்டுக்கு செக்யூரிட்டி வேலைக்கு வந்துவிட்டார். கடலோடியவர் கேட்டுக்குக் காவல்!

அந்த நேரம் பார்த்து, அவர் கடலுக்கே செயற்கைப் பாறை வார்க்கும் வேலை எங்களுக்கு வந்தது. மீன் புகுந்து ஒளியத் துளைகள் வைத்த கான்கிரீட் கூடுகள். செய்தவர் யார்? தங்கவயல் ஜோசபின்! பூச்சு வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பெருமையில் ஒவ்வொரு கூட்டையும் வழுவழுவென்று இழைத்துப் பூசிவிட்டார்! பார்க்க வந்த கடல் ஆய்வாளர் சங்கமித்ரா தலையில் கைவைத்தார். வழுவழுப்பில் பாசி ஒட்டாதாம், பவளம் பிடிக்காதாம். கடல் கொந்தளிக்கும் பருவத்துக்கு முன் இறக்காவிட்டால் வேலையே கைவிட்டுப் போய்விடுமாம்.

நன்றாகப் பூசியது குற்றமா என்று ஜோசபின் கண்கலங்கினார். ரெமிஜியஸ் ஒரு கூட்டைத் தடவிப் பார்த்துவிட்டு கேட்டுக்கே திரும்பி நடந்தார். அதைப் பார்த்ததும் ஜோசபின் உளியைக் கையில் எடுத்தார்.

“அண்ணா, செவுத்துல பூச்சு புடிக்கணும்னா கொத்தி வுடுவோம்ல? இங்க கடல் பூசப்போவுது. எல்லாத்தையும் கொத்துங்க.”

கொத்தினோம், தோழர்களே! பூசிய கையே கொத்தியது! ஜோசபினின் பாட்டன் தங்கவயல் சுரங்கத்தில் பொன்னுக்காகப் பூமிக்குள் இறங்கிப் பாறை உடைத்தார். பேத்தி மீனுக்காகப் பாறை செய்து கடலுக்குள் இறக்கினார்!

பிறகு? பாசி படர்ந்தது, சிப்பி ஒட்டியது, சிறுமீன் புகுந்தது, அதைத் தேடிப் பெருமீன் வந்தது. வழித்தெடுத்த கடலை வாழவைக்க முடியுமா? முடியும்! மறுபடி வழிக்காமல் காக்க முடியுமா? மனம் வைத்தால் அதுவும் முடியும்!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துவிடுகிறேன்.

இந்தப் பாராட்டு விழாவில் ஜோசபினோடு ரெமிஜியஸுக்கும் இன்று பொன்னாடை போர்த்துவதாக இருந்தோம். காலையில் ஊரிலிருந்து போன் செய்தார்.

“கோவிச்சுக்காதிய அண்ணாச்சி. வலைல மீன் படுது. நான் கடலுக்குப் போறேன்.”

ஆகவே, எங்கள் கேட்டுக்கு ஒரு செக்யூரிட்டி ஆள் தேவை. இனிக் கடற்கரையிலிருந்து ஒருவரும் அந்த வேலை கேட்டு வரவேண்டாம் என்ற ஆசையோடு, பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!