பதினோராம் நம்பர் போட்டோ

இல்ல சார், அந்தக் கம்ப்யூட்டர்ல கைய வெக்காதீங்க. ஒரு நிமிசம். பாண்டியிலேர்ந்து பஸ்ல நின்னுக்கினே வந்திருப்பீங்க, மொதல்ல டீய குடிங்க. லைனு சரியில்ல சார், அதான். உப்பளத்துக் காத்துல ஒயரெல்லாம் பூத்துப்போவுது.

போன மாசம் நீங்க வந்து மெயில் செர்வர் போட்டுக் குடுத்தப்ப நல்லாத்தான் ஓடிச்சு. சுனாமியில காணாமப்போன புள்ளைங்க முப்பத்தெட்டு பேரு போட்டோ. ஒவ்வொரு புள்ளைக்கும் தனி மெயிலு, ஆயிரத்தி நூறு அட்ரஸுக்கு. ஆஸ்பத்திரி, கேம்ப்பு, ஹோமு, பேப்பர்காரங்க. ஒரேடியா அனுப்புனா குப்ப மெயிலுன்னு தள்ளிடுவாங்க, மணிக்கு அம்பது அம்பதா போவட்டும்னு நீங்கதான செட் பண்ணீங்க. சிவசங்கரி, நீதான் திண்டிவனத்துல கம்ப்யூட்டர் படிச்சவன்னு என்ன உக்கார வெச்சாங்க. ஒழுங்காத்தான் போயிக்கினு இருந்துச்சு சார். பதிலும் வந்துச்சு.

ஆங்? பன்னண்டு நாளா ஒண்ணுகூட போவலையா? கரண்ட்டு கட்டு சார். இல்ல, பன்னண்டு நாளும்னு இல்ல... அதுலயே தெரியுதா?

வாசப் பக்கம் பாக்காதீங்க சார். மஞ்சப் பையோட நிக்கிறாளே, அது மங்கம்மா. என் கூடப்பொறந்த அக்கா. பதினோராம் நம்பர் போட்டோ, கிருபா, அவ பொண்ணு. ஆறு வயசு. மச்சான் செத்து ரெண்டு வருசம், அவளுக்கு இருந்தது அது ஒண்ணுதான். இஞ்சினீரு வந்துட்டாருன்னு கேம்ப்புலேர்ந்து ஓடியாந்துட்டா. பையில என்னா இருக்குது தெரியுமா? ஒரு கவுனு. நிவாரணத்துக்கு வந்து குமிஞ்ச துணியில பொறுக்கி எடுத்தது. புள்ள கெடச்சா அதப் போட்டு இட்டுனு வரணுமாம்.

ஊர்ல எல்லாரும் நல்லவங்களா இருக்காங்க சார், அதான் வென. மெயிலப் பாத்துட்டு சும்மா இருக்க மாட்டேன்றாங்க. இதே ஜாடையில இங்க ஒரு கொழந்த இருக்குது, வந்து பாருங்கன்றாங்க. கடலூரு போனோம். சிதம்பரம் போனோம். நாகப்பட்டணத்துல அந்தப் புள்ள ஓடியாந்து அக்கா கால கட்டிக்கினு அம்மான்னுச்சு சார். அது இல்ல. ஒவ்வொரு வெரலா பிரிச்சி எடுத்தா. மறுநா காலையில எதிர்ல வந்து நிக்கிறா, வேற எதனா வந்துச்சாடின்னு.

சொல்லிடறேன் சார். லைனு போச்சுன்னா மெயில் வீணாவாம நிறுத்தி வெக்க ஒரு கமாண்டு எழுதிக் குடுத்தீங்களே, அத அடிச்சிட்டேன். நான்தான். செர்வர் ரிப்பேருன்னு சொல்லிட்டேன். அன்னிக்குதான் அக்கா உக்காந்து ஒரு வா சோறு துன்னா.

மெதுவா சார், அவ காதுல வுழும். தெரியும், மத்த முப்பத்தேழு புள்ளைங்களும் மாட்டிக்கினு நிக்குது. பஞ்சநாதன் தெனம் வந்து என் பையன் மெயிலு போச்சாம்மான்னு கேக்குறாரு. அந்தப் பாவம் என்ன சும்மா வுடாது. எனக்கு ராத்தூக்கம் இல்ல சார். எல்லாத்தையும் அனுப்பி வுட்டுடுங்க, பதினொண்ண மட்டும் எடுத்துடுங்க. எனக்குத் தனியா எடுக்கத் தெரியல. நின்னா மொத்தமா நிக்குது, போனா மொத்தமா போவுது. உங்க காலப் புடிக்கிறேன் சார்.

எங்கனா உயிரோட இருக்கலாமேன்றீங்க. நீங்களும் நல்லவருதான்.

அக்கா பாண்டி ஆஸ்பத்திரியில ஒம்போது நாளு நெனவில்லாம கெடந்தா. கண்ணத் தொறந்ததும் பாப்பா எங்கடின்னா. தேடிக்கினு இருக்காங்கன்னு வாயில வந்துடுச்சு. அந்த ஒரு வார்த்த சார். அப்புறம் அவளே போட்டோவ குடுத்து இதையும் அனுப்புடின்னா. நான் எப்டி மாட்டேன்றது?

அலை அடிச்ச ரெண்டாம் நாளே பாப்பா கெடச்சிட்டா சார், உப்பளத்துக்குள்ள. தலையில ரிப்பன்கூட அவுரல, மொத நாளு காலையில நான் பின்னி வுட்டது. கூட்டங்கூட்டமா பொதைச்சாங்க, யாரும் யாரு மூஞ்சியும் பாக்கல. என் துப்பட்டாவ சுத்திக் குடுத்து நானே மண்ணு தள்ளுனேன். பால் ஊத்தணுமே, பாலுக்கு எங்க போறது? கேம்ப்பு டீக்கு வெச்சிருந்த பாக்கெட்டுல அர டம்ளர் கேட்டு வாங்கிக்கினு போனேன்.

டீ ஆறிப்போச்சே சார்.

வாக்கா. உக்காரு. சார் இப்பதான் பாத்துக்கினு இருக்காரு.