கரிச்சானுக்கு ஆடத் தெரியாது

எனக்குத் தொலைக்காட்சி பார்க்கும் பழக்கம் கிடையாது. வீட்டில் பெட்டி இருந்தது மனைவிக்காகத்தான்.

கரிச்சானை நான் வரைந்தது ஒரு வார இதழின் படக்கதைக்காக. கறுப்பு உடை, பிளந்த வால் போல ஒரு மேலங்கி. பருந்தையே விரட்டும் கரிச்சான் குருவியைப் போல, தன்னைவிடப் பெரியவர்களோடு மட்டுமே மோதுவான். பேச மாட்டான், சிரிக்க மாட்டான். தான் எனக்கு இரண்டாம் தாரம்தான் என்று மனைவி அலுத்துக்கொள்வாள். அதில் பொய்யில்லை.

அதைத் தொடராக எடுக்க ஒரு சேனல் முன்வந்தது. ஆலோசகர் என்று எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். கரிச்சானாக நடித்த பையன் தங்கமானவன். இதை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. எப்படி நிற்பது, எப்படித் திரும்புவது என்று என்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் செய்வான்.

பார்ப்பவர்கள் குறைந்ததும் இயக்குநர் கரிச்சானைச் சிரிப்பு வசனம் பேச வைத்தார். பிறகு காதலி வந்தாள். அடுத்து, வணிக வளாகத்தின் மாடியிலிருந்து பறந்து இறங்கி, முகமூடியைக் கழற்றிவிட்டு ஆட வேண்டும் என்றார். வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"வரைஞ்சு குடுத்ததோட உங்க வேலை முடிஞ்சுது சார்" என்றார், கோபமே இல்லாமல்.

நேராகக் கம்பிக்காரரின் அறைக்குப் போனேன். பறக்கும் காட்சிகளில் நடிகரைக் கம்பியில் கட்டித் தூக்குபவர் அவர். சாப்பிடப் போயிருந்தார். இடுப்புப் பட்டையின் கொக்கியில் ஒரு திருகாணி இருக்கும். அதைத் தளர்த்திவிட்டு வந்தேன். கால் முறியும், தொடர் நிற்கும், அவ்வளவுதான் நினைத்தேன். மூன்று மாடி உயரம் என்பது எனக்குத் தெரியாததல்ல.

மேலே ஏறுமுன் பையன் என்னிடம் வந்து நின்றான்.

"அண்ணா, தோள் சரியா இருக்கா?"

சரியாக இருக்கிறது என்றேன்.

அவன் கத்தவில்லை. விழுந்த அந்த நொடியில்தான் அச்சு அசலாகக் கரிச்சானைப் போல இருந்தான். அதை நான் கவனித்தேன் என்பதுதான் இன்றுவரை என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

தொடர் நின்றது. கம்பிக்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் கேட்டபோது, கொஞ்சம் அசட்டையான மனிதர் என்று நானே சொன்னேன். அவர் மனைவி என் வீடு தேடி வந்தார்.

"காலையிலேயே பட்டையைத் தன் இடுப்புல கட்டி இழுத்துப் பாத்துடுவாரு. நீங்க பாத்திருப்பீங்களே சார்."

பார்த்திருக்கிறேன். நினைவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வாசலில் செருப்பை மாட்டக்கூடத் தெரியாமல் தடுமாறினார் அந்த அம்மாள். அந்த முகம்தான் என்னை இங்கே இழுத்து வந்தது. கம்பிக்காரர்மேல் தவறில்லை. கொன்றது நான். மனம் கேட்காமல்தான் வந்தேன், வேறு காரணம் எதுவும் இல்லை.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். புது நடிகரை வைத்துத் தொடரை மறுபடி தொடங்கப்போவதாக நேற்றுப் பேப்பரில் போட்டிருந்தது. நான் சொன்னதெல்லாம் வெளியே வந்துவிட்டால், அதை எடுக்க விடமாட்டார்கள், இல்லையா ஐயா?