ரெண்டு ரைடுக்கு நடுவுல

இல்லண்ணே, ஸ்பேனரை இப்போ எடுக்காதீங்க. பையிலயே இருக்கட்டும். முதல்ல இந்த ஸ்டூல்ல உக்காருங்க. கடைக்குப் போன் பண்ணப்போ வண்டியைப் பாக்கணும்னு சொன்னேன்ல, வண்டியைப் பாக்குறதுக்கு முன்னாடி வண்டிக்காரரைப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும். எங்க வீட்டுக்காரரு வர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். பெட்ரோல் வாங்கப் போயிருக்காரு. ஆமா, தெருமுனையிலயே பங்க் இருக்குதான், நானும் அதைத்தான் கேட்டேன். அங்க வியாபாரம் கம்மியாம். பெட்ரோல் தரைக்கு அடியில நாள் கணக்கா தூங்கிக்கிட்டு இருக்குமாம். பைபாஸ்ல லாரியெல்லாம் வரிசையில நிக்குதே, அந்த பங்க்லதான் ஃப்ரெஷ்ஷா கிடைக்குமாம். மீன் வாங்கப் போனா செவுளைத் தூக்கிப் பாக்கத் தெரியாத மனுசன், பெட்ரோல்ல ஃப்ரெஷ்ஷு பாக்குறாரு.

அவரைச் சொல்லிக் குத்தமில்ல. வேலை அப்படி. மருந்து குடோன்ல ஸ்டோர் இன்சார்ஜு. பதினெட்டு வருஷமா அட்டையைத் திருப்பித் திருப்பித் தேதி பாத்து, இப்போ எதைப் பாத்தாலும் எக்ஸ்பைரிதான். எங்க கல்யாண ஆல்பத்தைக் கூட பின்னாடி திருப்பித்தான் பாப்பாரு. அந்த அலமாரியைப் பாருங்க. இருக்குதா, பதினாலு பாட்டிலு? எல்லாம் என் கிச்சன்ல இருந்த காபித்தூள் பாட்டில். ஒவ்வொண்ணுலயும் லேபிள் ஒட்டியிருக்காரு பாருங்க. எடுத்த தேதி, எடுத்த நேரம், நிலைமை. தெளிவு. லேசா மங்கல். இது பாருங்க, அடியில ஒரு சொட்டு தண்ணி, கவலைக்கிடம். அப்படித்தான் எழுதியிருக்காரு, நானா சொல்லல.

எப்படி எடுக்குறாருன்னு கேக்குறீங்களா? அது ஒரு ஆபரேஷன்ணே. ஞாயித்துக்கிழமை காலையில ஆறரைக்கெல்லாம் பூட்ஸு, முழங்கால் கவசம், கிளவுஸு, ஹெல்மெட்டுன்னு மொத்தத்தையும் மாட்டிக்கிட்டு இந்த ஷெட்டுக்குள்ள வருவாரு. மேடு பள்ளத்துல ஓட்டுற இந்த மண் பைக்கை ஸ்டாண்டுல நிறுத்தி உதைச்சு ஸ்டார்ட் பண்ணுவாரு. அஞ்சு நிமிஷம் உறுமவிட்டுட்டு பெட்ரோல் டேப்பை மூடுவாரு. கார்புரேட்டருக்குள்ள மிச்சம் இருக்குறதைக் குடிச்சுட்டு வண்டி தானா இருமி நிக்கும். அதோட விட்டாரா? கீழ படுத்து, கார்புரேட்டர்ல பெட்ரோல் தேங்குற கிண்ணம் இருக்குல்ல, அதுக்கு அடியில இருக்குற ஸ்குரூவைத் திருப்பி, கடைசிச் சொட்டு வரைக்கும் பாட்டில்ல பிடிப்பாரு. அப்புறம் அதை வெயில்ல தூக்கிப் பிடிச்சு ஒரு கண்ணை மூடிக்கிட்டு பாப்பாரு. எனக்கு டைபாய்டு வந்தப்போ எடுத்த ரத்தத்தைக் கூட அவ்வளவு நேரம் பாக்கல.

ஏன்னு கேட்டா, அண்ணே, நான் தூக்கத்துல கூட சொல்லுவேன். பெட்ரோல் நின்னுச்சுன்னா ஆவியாகுற பாகமெல்லாம் போயி மிச்சம் பிசினாயிரும். அந்தப் பிசினு, முடி நுழையுற அளவு இருக்குற ஜெட்டு ஓட்டையை அடைச்சிரும். அடைச்சா வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஆனாலும் ஆக்சிலேட்டரை விட்டா அணைஞ்சிரும். அதனால ஒரு வாரத்துக்கு மேல வண்டி நிக்கும்னா கிண்ணத்தைக் காலி பண்ணணும். ஒரு மாசத்துக்கு மேலன்னா டேங்க்கையும் காலி பண்ணணும். அந்தப் பெட்ரோலைக் கார்ல ஊத்தி ஓட்டித் தீத்துரணும். சரிதானே?

பாத்தீங்களா, சரின்னுதானே சொல்றீங்க. நீங்களே பாராட்டுவீங்கன்னு எனக்குத் தெரியும். ஒவ்வொரு வாரமும் தவறாம பண்றாரு. என் பொறந்த நாளை மூணு தடவை மறந்திருக்காரு, கார்புரேட்டரை ஒரு தடவை கூட மறக்கல. ஒரு தடவை எங்க நாத்தனார் வீட்டு விசேஷம், தாலி கட்டுற நேரத்துல இவரைக் காணோம். தேடிப் பாத்தா மண்டபத்து வாசல்ல நின்னு யாருக்கோ போன்ல சொல்லிக்கிட்டு இருக்காரு, டேப்பை மூடினா மட்டும் போதாது சார், கிண்ணத்தைக் காலி பண்ணணும்னு.

யாருக்கா? ஆபீஸ் ஆளுங்களுக்குத்தான். அங்கதான் இவரு பெரிய டாக்டரு. போன்ல ஒரு குரூப் வச்சிருக்காங்க. யாரு வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னாலும் முதல் கேள்வி இவருகிட்டதான் வரும். இவரு உடனே பதில் போட மாட்டாரு. ஒரு கால் மணி நேரம் காக்க வைப்பாரு, பெரிய டாக்டருங்க அப்படித்தானாம். அப்புறம் கடைசியா எப்போ கிண்ணத்தைக் காலி பண்ணீங்கன்னு ஒரே ஒரு வரி போடுவாரு. அந்தாளு அதோட காலி. இவரு பேச்சைக் கேட்டு அவங்க மேனேஜரே ஒரு வண்டி வாங்கிட்டாருன்னா பாத்துக்கோங்க. அந்த மேனேஜரு யாரு தெரியுமா? மூணு வருஷமா இவரைப் பேரு சொல்லிக் கூப்பிடாம, ஏம்ப்பா ஸ்டோருன்னு கூப்பிட்டவரு. இப்போ சார்ங்குறாரு.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். நாளைக்கு ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு, அந்த குரூப்ல இந்த மாதிரி வண்டி வச்சிருக்குற ஆறு பேரு இங்க வர்றாங்க. மேனேஜரும்தான். வண்டியையெல்லாம் டெம்போவுல ஏத்திக்கிட்டு வர்றாங்க. இங்கிருந்து எல்லாரும் சேந்து பழைய செங்கல் சூளைப் பக்கம் போயி ஓட்டப் போறாங்களாம். சார் முன்னாடி போகணும், நாங்க பின்னாடி வரணும்னு மேனேஜரு குரூப்ல எழுதிட்டாரு. இவரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிட்டாரு. தூக்கினதுலருந்து மனுசன் சாப்பிடல. நேத்து சோத்துல மோருக்குப் பதிலா தண்ணியை ஊத்திப் பிசைஞ்சுட்டு உக்காந்திருந்தாரு.

அட, வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு நான் சொல்லவே இல்லியே. வந்து பாருங்கன்னுதானே சொன்னேன். ஸ்டார்ட்டெல்லாம் ஒரே உதையில ஆகும். அதுதாண்ணே பிரச்சனையே.

இவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

சிரிக்காதீங்க. சரி, சிரிச்சுக்கோங்க, நானும் நாலு வருஷமா தனியாத்தான் சிரிச்சுக்கிட்டு இருக்கேன். வாங்கின அன்னைக்கு ஒரு தடவை ஏறினாரு. சீட்டு உசரம், கால் எட்டல. கிளட்சை விட்டாரு பாருங்க, முன் சக்கரம் மேல போச்சு, இவரு கீழ வந்தாரு. இந்த ஷெட்டு வாசல்லருந்து அந்தக் குரோட்டன்ஸ் செடி வரைக்கும், பன்னெண்டு அடி. ரைடுன்னா அது ஒண்ணுதான். மறுநாள் கார்புரேட்டரைக் காலி பண்ண உக்காந்தவருதான், இன்னும் எந்திரிக்கல. ரெண்டு ரைடுக்கு நடுவுல பெட்ரோலை எப்படிப் பாத்துக்கணும்னு கேட்டா விடிய விடிய சொல்லுவாரு. அந்த ரெண்டாவது ரைடுதான் இன்னும் வரல.

குரூப்ல போட்ட, உடம்பெல்லாம் சேறா நிக்குற போட்டோவா? நீங்களும் அந்த குரூப்ல இருக்கீங்களா? ஓ, உங்க கஸ்டமர் யாரோ காட்டினாங்களா. அந்தச் சேறு எங்க வீட்டுச் சேறுண்ணே. பக்கெட்டுல மண்ணைக் கரைச்சு, பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷால உதறி உதறித் தெளிப்பாரு. வண்டிக்கு ஆச்சுன்னா தனக்கு. கன்னத்துல ரெண்டு புள்ளி, நெத்தியில ஒண்ணு. நான்தான் போட்டோ எடுக்கணும். ஒரு தடவை மூக்குல போதலைங்கன்னு சொல்லி நானே ஒரு புள்ளி வச்சேன். அதுக்குத்தான் நாப்பது பேரு லைக் போட்டாங்க.

கிண்டல் பண்றேன்னு நினைக்காதீங்க. நாளைக்கு அந்த மேனேஜரு முன்னாடி இவரு மொகம் சின்னதாப் போறதை என்னால பாக்க முடியாது. நாப்பத்தாறு வயசுல ஒரு மனுசனுக்கு இப்போதான் ஒரு மரியாதை கிடைச்சிருக்கு. அது பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நட்டம்? அவரு சொல்ற வைத்தியமாவது நிஜம்தானே. எத்தனை பேரு வண்டி அதால பொழைச்சிருக்கு.

அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன். நாளைக்கு இந்த வண்டி ஸ்டார்ட் ஆகக் கூடாது.

ஒரு வயரை நானே புடுங்கி விட்டுருவேன், அது பெரிய விஷயமில்ல. ஆனா வர்றது ஆறு பேரு. ஆளுக்கொரு பக்கம் கையை விட்டு நோண்டி மாட்டிருவாங்க. ஒரு சாமானே இல்லைன்னாதான் சரிப்படும். அதையும் ஒரு மெக்கானிக் வாயால சொல்லணும். ஆனா ஒண்ணு, கார்புரேட்டர் மேல மட்டும் பழி போடக் கூடாது. பெட்ரோல்ல தூசின்னோ, ஜெட்டு அடைப்புன்னோ ஒரு வார்த்தை வந்துச்சு, அவரு உசிரை விட்டுருவாரு. கரன்ட் பக்கமா ஏதாவது சொல்லுங்க. சீட்டுக்கு அடியில ப்ளக்குக்குக் கரன்ட் அனுப்புற ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்குல்ல, அது போயிருச்சுன்னு சொல்லுங்க. இது யாரோட கையிலயும் இல்ல சார், கம்பெனியிலருந்தே வர்ற குறை, கார்புரேட்டரு மட்டும் பொறந்த கொழந்தை மாதிரி இருக்குன்னு சொல்லுங்க. அந்தக் கடைசி வரியை மட்டும் மறந்துராதீங்க. அதை நாளைக்கு அவரு ஆறு பேருக்கும் சொல்லுவாரு.

என்னண்ணே குனிஞ்சு பாக்குறீங்க?

டயரா. ம்.

தேஞ்சுதான் இருக்கு. பின் டயர்ல மண்ணைப் பிடிக்கிற ஓரத்து ரப்பர் கட்டையெல்லாம் போயிருச்சு, எனக்கும் தெரியும். நாலு வருஷமா நின்ன வண்டிக்கு எப்படித் தேயும்னு கேக்குறீங்க. நீங்க தொழில்காரரு, கேப்பீங்க. இவரு கேக்க மாட்டாரு. இவரு கண்ணு கார்புரேட்டரைத் தாண்டிக் கீழ போகாது.

எனக்கு புதன்கிழமை லீவுண்ணே. கண்ணாஸ்பத்திரியில டோக்கன் குடுக்குற வேலை, ஞாயித்துக்கிழமை டியூட்டி பாத்தா புதன் லீவு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்த ஷெட்டைப் பெருக்க வந்தேன். வண்டியைக் கொஞ்சம் நகத்தணும். நகத்தப் போயி, ஏறி உக்காந்தேன். உக்காந்தா கால் எட்டுச்சு. நான் இவரை விட ரெண்டு இஞ்ச் உசரம், கல்யாண போட்டோவுல என்னை உக்கார வச்சுட்டு இவரு நின்னாரு. உதைச்சேன், ஸ்டார்ட் ஆச்சு. அவ்வளவு நல்லா வச்சிருந்தாரு. அன்னைக்கு வாசல் கேட்டு வரைக்கும் போனேன், அடுத்த வாரம் சூளை வரைக்கும். அங்க ஒரு மண்மேடு இருக்கு. அதுல ஏறி இறங்குறப்போ ரெண்டு சக்கரமும் தரையை விட்டு வரும். அந்த ஒரு நொடி நான் யாரு பொண்டாட்டியும் இல்ல, யாருக்கும் டோக்கன் குடுக்குறவளும் இல்ல. அவ்வளவு சந்தோஷமா இருக்கும்ணே, சொன்னா உங்களுக்குப் புரியுமோ என்னவோ.

திரும்பி வந்ததும் கழுவித் தொடைச்சு, டேப்பை மூடி, கிண்ணத்தையும் காலி பண்ணிருவேன். டேங்க்ல அவரு போட்ட பென்சில் கோடு வரைக்கும் பெட்ரோல் ஊத்தி வச்சிருவேன். ஆமா, பைபாஸ் பங்க் பெட்ரோல்தான். எல்லாம் அவருகிட்ட கத்துக்கிட்டதுதான். நல்லா சொல்லித் தர்றாரு, அதைக் குறை சொல்ல முடியாது.

அவருகிட்ட சொல்லிரலாமா? சொல்லிட்டா அவரும் கூட வருவாரு. மேட்டுக்குக் கீழ பாட்டிலோட நிப்பாரு. அதை விடுங்க. நாளைக்கு அவரு இதுல ஏறி, அந்த ஆறு பேரு முன்னாடி விழுந்தாருன்னு வைங்க, திங்கக்கிழமை வண்டி இங்க இருக்காது. அன்னைக்கே வித்துருவாரு. எனக்கு அவரைத் தெரியும். அவரு மரியாதைக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன்னு சொன்னேன்ல, அது பொய் இல்ல. பாதி நிஜம்.

சரி, நேரமாச்சு, இப்போ ஸ்பேனரை எடுங்க. சீட்டைக் கழட்டி அந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்துருங்க. கடைக்கெல்லாம் கொண்டு போக வேணாம், இங்கயே குடுங்க, என் ஹேண்ட்பேக்ல இருக்கட்டும். அவரு கேட்டா சாமான் வெளிநாட்டுலருந்து வரணும், எப்போ வரும்னு சொல்ல முடியாதுன்னு சொல்லிருங்க. எனக்கு அதை எப்படி மாட்டுறதுன்னு மட்டும் ஒரு தடவை காட்டிக் குடுத்துட்டுப் போங்கண்ணே, புதன்கிழமை வண்டி வேணும்.