அரக்கைக் கழித்த எடை

இந்தக் காலத்தில் ஒருவரும் தராசைத் தட்டிப் பார்ப்பதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. சிவப்பாக ஒரு எண் எரிந்தால் போதும், வாயைப் பொத்திக்கொண்டு ஒப்புக்கொள்கிறார்கள். காய்கறிக் கடையிலும் அப்படித்தான், இந்த ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனால் ரங்கநாதன் தெருப் பாத்திரக்கடையில் பழைய பித்தளைக்கு எடை போட்டவன். குத்துவிளக்கின் அடியில் அரக்கை ஊற்றிக் கனமாக்கிக் கொண்டுவருவார்கள். அதை உருக்கி எடுத்துவிட்டுத் தட்டில் வைத்தால்தான் எடை. இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள், நான் செய்தது நியாயமாகவே படும்.

உள்ளே படுத்திருக்கும் தங்கப்பழம் எனக்கு மச்சான். நானும் அவனுக்கு மச்சான். பெண் கொடுத்துப் பெண் எடுத்தோம். அவன் அக்காள் என் வீட்டில், என் தங்கை இசக்கியம்மாள் அவன் வீட்டில். இதில் மேலே கீழே என்பது கிடையாது. அவன் ஏசி மாட்டினால் நானும் மாட்டுவேன். நான் பல்செட் கட்டியபோது, நன்றாக இருந்த பல்லைப் பிடுங்கிவிட்டு அவனும் கட்டினான்.

அவனுக்கு நுரையீரலில் சளி கட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். முகத்தில் ஆக்சிஜன் மூடி, விரலில் ஒரு கிளிப். துணி காயப்போடும் கிளிப்புக்குள் விளக்கு வைத்த மாதிரி இருக்கும். ரத்தத்தில் காற்று எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அது சொல்லுமாம். நூறு என்றால் முழுசு. தங்கப்பழத்துக்குத் தொண்ணூற்றேழு.

நர்ஸ் வஜீஹா நல்ல பெண். "எனக்கும் மாட்டிப் பாரும்மா" என்றேன். மாட்டினாள். தொண்ணூற்று மூன்று.

பாண்டி பஜாரில் பஸ் ஏறி, லஸ்ஸில் இறங்கி, சொந்தக் காலில் நடந்து வந்தவன் நான். அவனோ மூத்திரத்துக்குக்கூடக் குழாய் வைத்துப் படுத்திருப்பவன். அவனுக்கு என்னைவிட நாலு கூட. மூடிக்குள்ளேயே சிரித்தான்.

"என்னவே மச்சான், மார்க்கு கம்மியாப் போச்சு?"

வஜீஹா சமாதானம் சொன்னாள். "தாத்தா, அவருக்கு ஆக்சிஜன் போகுது, அதான் கூட. இந்தக் கிளிப்பும் வேதவாக்கு இல்ல. ரொம்ப முடியாதவங்களுக்கு, கை சில்லுனு இருந்தா, கறுப்புத் தோலா இருந்தா, சில சமயம் கூடக் குறையக் காட்டும். அதான் ரத்தம் எடுத்தும் பாக்கறோம். உங்களுக்குத்தான் கம்மியா இருக்கு, டாக்டர்கிட்ட காட்டுங்க."

கடைசியாகச் சொன்னது எனக்குத் தேவைப்படவில்லை. மற்றதைப் பிடித்துக்கொண்டேன். தராசு தப்பு. போதாததற்கு ஆக்சிஜன் என்ற அரக்கும் ஊற்றியிருக்கிறது. உன் தோலும் கறுப்புதானே என்பீர்கள். என்னுடையது வெயில் கறுப்பு, அது கணக்கில் வராது.

மறுநாள் சாயங்காலம் மறுபடி வந்தேன். வாசல் காவலாளி, "இன்னா பெருசு, இன்னிக்கும் மச்சானைப் பாக்கப் போய்க்கினுகீறியா? பாசம்னா இதான் நைனா" என்றான். நான் மறுக்கவில்லை.

இசக்கியம்மாள் பிளாஸ்க்கோடு வெளியே உட்கார்ந்திருந்தாள். "அண்ணே, இன்னைக்குக் கஞ்சி குடிச்சாவ. நீ போய் நாலு வார்த்தை தைரியம் சொல்லு."

"சொல்லுதேன் தாயி" என்று உள்ளே போனேன்.

தங்கப்பழம் தூங்கிக்கொண்டிருந்தான். வஜீஹா கோடிக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். இயந்திரம் கத்தினால் எந்தப் பொத்தானை அமுக்கி அதன் வாயை அடைக்கிறார்கள் என்று முதல் நாளே பார்த்து வைத்திருந்தேன். முதலில் அதை அமுக்கினேன். பிறகு மூடியைக் கழற்றி, அவன் நெஞ்சின் மேல் பக்குவமாக வைத்தேன்.

எண் இறங்கியது. தொண்ணூற்று மூன்றுக்கு வந்தபோது தட்டு நேராக நின்ற மாதிரி இருந்தது. அவனும் நானும் சமம். நியாயப்படி அங்கேயே மூடியைத் திரும்ப மாட்டியிருக்க வேண்டும்.

மாட்டவில்லை. ஆயுசு பூராவும் சமமாகவே இருந்தால் எப்படி, ஐயா. தொண்ணூற்றிரண்டைப் பார்த்தேன், இனித்தது. எண்பத்தெட்டையும் பார்த்தேன். அவன் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டதாக வஜீஹா பிறகு சொன்னாள். நான் உதட்டைப் பார்க்கவில்லை. எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பத்தொன்றில் அவள் ஓடி வந்து என்னைத் தள்ளிவிட்டாள்.

பிழைத்துக்கொண்டான். புகார் கொடுக்கிறாயா என்று நீங்கள் கேட்டதற்கு அவன் சொன்னது உங்களுக்கே தெரியும்.

"புகார் எல்லாம் வேண்டாம் சார். ஆனா அய்யாதுரை மச்சானுக்குத் தொண்ணூத்தி மூணுதான்னு எழுதிக்கிடுங்க."

தங்கைதான் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். அவள் தாலியோடு விளையாடினேனாம். நான் எடைதான் போட்டேன்.

இதோ, பேசிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் தம்பி என் விரலில் ஒரு கிளிப்பை மாட்டிவிட்டார். எண்பத்தொன்பது என்கிறார். நகம் நீலம் பாரித்திருக்கிறதாம். தங்கப்பழத்துக்குப் பக்கத்துக் கட்டில் காலியாம், உடனே படுத்து மூடி மாட்டிக்கொள்ள வேண்டுமாம். அரக்கு ஊற்றி எடை ஏற்றிக்கொள்ளும் வழக்கம் எனக்குக் கிடையாது. கழற்றுங்கள் தம்பி, அது ஓட்டைத் தராசு.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தில் கைநாட்டு வைத்தாயிற்று. கூப்பிட்டால் வருகிறேன். லிஃப்ட் வேண்டாம், படியிலேயே இறங்கிக்கொள்கிறேன். நடுவில் உட்கார்ந்தால் மூச்சு வாங்குகிறது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே படி கட்டியவனுக்கும் அளவு தெரியவில்லை.