காருக்குள்ள ரெண்டு பேரு

இல்ல மேடம், ஆலோசனைன்னு போடாதீங்க. ஆட்சேபணைன்னே போடுங்க. ஆமா, அந்தக் கட்டத்துலதான். பேரு, விலாசம் எல்லாம் மேலயே எழுதிட்டேன். காரணம்னு நாலு வரிக்குத்தான் இடம் விட்டிருக்கீங்க, எனக்கு அது பத்தாது. வாயால சொல்லிடறேன், நீங்க சுருக்கி எழுதிக்குங்க.

பின்னாடி வரிசையில யாரும் இல்லையே? அப்ப உக்காந்துக்கறேன்.

திட்டத்தை முழுசாப் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். எங்க கிராமத்துல ரயில்வே ஸ்டேஷன் இருக்கு, கால் மணிக்கு ஒரு பஸ் இருக்கு. அதனால வேலையை இங்கயே கொண்டு வந்துட்டா ஜனங்க காரெடுத்துக்கிட்டு டவுனுக்கு ஓட வேண்டாம். அதானே? நல்ல யோசனைதான். ஸ்டேஷனை ஒட்டி பாழடைஞ்சு கிடந்த குடோனுக்கு வெள்ளையடிச்சு, ஜன்னல் வெச்சு, போன வருஷம் இன்சூரன்ஸ் ஆபீசை உள்ள உக்கார வெச்சீங்க. அறுபது பேரு. அது முதல் கட்டம். இப்ப ரெண்டாம் கட்டம், முன்னூறு பேரு.

காலையில எங்க ஊர்லேருந்து டவுனுக்கு தொள்ளாயிரத்துச் சொச்சம் காரு போகுதுன்னு எழுதியிருக்கீங்க. அதுல ஒண்ணு என்னோடது. எண்ணினவங்க காரைத்தான் எண்ணினாங்க, உள்ள எத்தனை பேருன்னு எண்ணல. என் காருக்குள்ள ரெண்டு பேரு. நானும் என் வீட்டுக்காரியும். பதினாலு வருஷமா. அவளுக்கு அந்த இன்சூரன்ஸ் ஆபீஸ்லதான் வேலை. ஆபீஸ் இங்க வந்ததும் அவ இறங்கிட்டா. நான் வேலை பாக்கற ஸ்பேர் பார்ட்ஸ் கடை டவுன்லயேதானே இருக்கு? காரு முன்ன மாதிரியே போகுது, பக்கத்து சீட்டு மட்டும் காலி. உங்க கணக்குல ஒரு காரும் குறையல. இதை எழுதிக்குங்க.

என்ன? ரெண்டாம் கட்டத்துல ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனிங்களுக்கும் இடம் இருக்கா? தெரியும். எங்க முதலாளியும் ரெண்டு தடவை வந்து இடத்தைப் பாத்துட்டுப் போயிட்டாரு. அவரு வந்துட்டா நானும் வீட்லேருந்து நடந்தே வேலைக்கு வரலாம், பெட்ரோல் மிச்சம், முதுகு வலி மிச்சம். அப்புறம் எதுக்குய்யா ஆட்சேபணைன்னு கேக்கறீங்க. கேப்பீங்கன்னு தெரியும்.

வீட்ல அவ பேச மாட்டா மேடம். நேரம் ஏது? எங்க அம்மாவுக்கு மாத்திரை, பொண்ணுக்கு பரீட்சை, அடுப்பு, துணின்னு சுத்திக்கிட்டே இருப்பா. கார்ல ஏறி பெல்ட்டைப் போட்டாள்னா போதும், ஆரம்பிச்சுடுவா. மானேஜர் என்ன சொன்னாரு, தங்கச்சி போன்ல ஏன் அழுதா, நான் நேத்து அம்மா முன்னாடி பேசினது எவ்வளவு தப்பு, எல்லாம் வரும். போக முப்பத்தஞ்சு நிமிஷம், வர முப்பத்தஞ்சு நிமிஷம். நான் ம் கொட்டுவேன், அவ்வளவுதான். நடுவுல ரயில்வே கேட் ஒண்ணு இருக்கு. மூடியிருந்தா இன்னும் ஏழு நிமிஷம் கிடைக்கும். சிரிக்காதீங்க, தூரத்துல ரயில் சத்தம் கேட்டா நான் காரை கொஞ்சம் மெதுவா விடுவேன், கேட் மூடட்டும்னு. அவளுக்கு இன்னிவரைக்கும் தெரியாது.

இப்ப அவ நடந்து போறா. பன்னெண்டு நிமிஷம். தனியா இல்ல. எங்க தெருக் கோடியில ஒருத்தர் இருக்காரு, ஸ்டேஷன்ல டிக்கெட் குடுக்கறவரு. வெயிலோ மழையோ கையில குடை இல்லாம நான் பாத்ததில்ல, அதனால குடைக்காரர்னே வெச்சுக்குங்க. அவருக்கும் அதே வழி, அதே நேரம்.

சேச்சே, அப்படி ஒண்ணும் இல்ல. அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகப் போறவரு. சம்சாரம் தவறிப் போயிட்டாங்க. தங்கமான மனுஷன். தப்பா ஏதாவது இருந்தா சத்தம் போடலாம், சண்டை பிடிக்கலாம். ஒண்ணும் இல்லாததுக்கு நான் யார்கிட்ட போய் என்னன்னு சொல்றது?

முதல்ல சின்னச் சின்ன விஷயம்தான் மேடம். தங்கச்சி வீடு மாறிட்டாளாம், எனக்குத் தெரியாது. என்னடீன்னு கேட்டா, சொன்னேனேங்கறா. மானேஜர் வேலையை விட்டுட்டாராம். கேட்டா, சொன்னேனேங்கறா. பொய் சொல்ற ஜாதி இல்ல அவ. நிஜமாவே சொல்லிட்டதா நினைச்சுக்கிட்டு இருக்கா. சொல்லியிருக்கா, யாரோ ஒருத்தர்கிட்ட. சொல்லி முடிச்ச பாரம் இறங்கிப் போச்சு. இறங்கினது எங்கன்னுதான் அவளுக்கு ஞாபகம் இல்ல.

ஒரு நாள் லீவு போட்டுட்டு நானும் கூட நடந்து பாத்தேன். அவருக்கு சந்தோஷம், வாங்க வாங்கன்னாரு. கொஞ்ச தூரம் போனதும் மரியாதைக்காக ரெண்டடி பின்னாலயே வந்தாரு. இவ என் பக்கம் பாத்து இன்னிக்கு வெயில் ஜாஸ்தின்னா. பின்னால திரும்பி அவர்கிட்ட ரயில் லேட்டான்னு கேட்டா. பன்னெண்டு நிமிஷமும் மூணு பேரும் சாவு வீட்டுக்குப் போற மாதிரி நடந்தோம். ஆபீஸ் வாசல்ல விட்டுட்டுத் திரும்பும்போது எனக்குப் புரிஞ்சு போச்சு. எங்க கடை இங்க வந்தாலும் அந்த முப்பத்தஞ்சு நிமிஷம் வராது.

போன வாரம் ஸ்டேஷன் ரோட்டுல குடைக்காரர் கையைக் காட்டி என் காரை நிறுத்தினாரு. குனிஞ்சு, ரிசல்ட் எப்ப வருதுன்னு சொன்னாங்களான்னு கேட்டாரு. எந்த ரிசல்ட்டுன்னேன். அந்த மனுஷன் முகத்தை நீங்க பாத்திருக்கணும். தப்பா ஏதோ பேசிட்டேன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு போயிட்டாரு.

வீட்டுக்குப் போனேன். துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. என்ன ரிசல்ட்டுடீன்னேன். மார்ல ஒரு கட்டி, சதையைக் கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்கன்னு சாதாரணமா சொல்லிட்டு, அதான் அன்னிக்கே சொன்னேனேன்னா. எப்பன்னு கேட்டேன். அவ கையில இருந்த சட்டையை பாதி மடிச்சபடியே வெச்சுக்கிட்டு யோசிச்சா. எப்ப சொன்னோம், எங்க சொன்னோம்னு தேடித் தேடிப் பாத்தா. அப்புறம் அவ முகம் மாறிச்சு. உங்ககிட்ட சொல்லலையான்னு கேட்டா. என்னைக் கேட்ட மாதிரி இல்ல, தன்னையே கேட்டுக்கிட்ட மாதிரி இருந்துச்சு. அப்படியே கட்டில்ல உக்காந்துட்டா. நான் மீதித் துணியை மடிச்சு வெச்சேன். எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல.

இல்ல, தண்ணி வேண்டாம் மேடம். நீங்க சொல்றதும் புரியுது, ரெண்டாம் கட்டத்தை நிறுத்தினா முதல் கட்டம் ஒண்ணும் திரும்பிப் போயிடாது. தெரிஞ்சுதான் வந்தேன். இன்னிக்குக் கூட எழுதறதா வேண்டாமான்னு ரெண்டு மனசாத்தான் வண்டியை ஓட்டிட்டு வந்தேன்.

ரிசல்ட்டா? வந்துடுச்சு. காலையில ஆஸ்பத்திரியிலேருந்து அவ ஆபீசுக்கு போன் பண்ணிட்டாங்க. ஒண்ணும் இல்லையாம், சாதாரணக் கொழுப்புக் கட்டிதானாம். ஆமா மேடம், பெரிய நிம்மதி. அவ உடனே எனக்குத்தான் போன் போட்டிருக்கா, ரெண்டு தடவை. நான் கார்ல இருந்தேன். ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாதுன்னு அவளே போட்ட சட்டம், நான் எடுக்கல. ஸ்டேஷன்கிட்ட வரும்போது குடைக்காரர் கவுன்டரை விட்டு வெளிய வந்து நின்னுக்கிட்டு இருந்தாரு. என்னைப் பாத்ததும் ஓடி வந்து விஷயத்தைச் சொன்னாரு, கண்ணெல்லாம் கலங்கிடுச்சு மனுஷனுக்கு. நானும் இறங்கி அவரு கையைப் பிடிச்சு நன்றின்னு சொன்னேன். அங்கேருந்து நேரா இங்கதான் வரேன். எங்க கையெழுத்துப் போடணும்?